ஃபைன் சீட்டு

அந்த வெள்ளைச் சட்டைக்காரர் ரயில் ஏற வந்தவர் இல்லை என்பது அமராவதிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ரயிலுக்கு வருகிறவர்கள் தண்டவாளம் வளையும் பக்கம் பார்ப்பார்கள். இவர் வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டு ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புன்னைமேடு ஹால்ட்டில் பார்க்க வேறொன்றும் இல்லைதான். மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் நடைமேடை, மஞ்சள் பலகை, டிக்கெட் கொடுக்க ஓர் அறை, இரண்டு வேப்பமரங்கள். கிழக்கே சவுக்குத் தோப்பைத் தாண்டினால் குப்பம், அதையும் தாண்டினால் கடல். விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம் வழியாக மயிலாடுதுறை போகும் காலை பாசஞ்சர் இங்கே கொஞ்ச நேரம் நிற்கும். அந்த நேரத்துக்குள் குப்பத்துப் பெண்கள் முப்பது பேர் மீன் நிறைந்த அன்னக்கூடைகளோடு ஏறிவிட வேண்டும்.

அமராவதி தன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வரிசையில் நின்றாள். வரிசை என்பதே ஒரு வாரமாகத்தான். அதற்கு முன்பெல்லாம் ஜன்னலில் இருபது பேர் நின்றால் அதிகம். மற்றவர்கள் நிழலில் உட்கார்ந்து ஊர் வம்பு பேசிக்கொண்டிருப்பார்கள். இன்றைக்கோ முப்பது பெண்களோடு, சிதம்பரத்துப் பக்கமே போகாத அவர்களுடைய புருஷன்மாரும் மாமியார்களும்கூட டிக்கெட் வாங்கினார்கள். வாங்கியதை இடுப்பில் செருகிக்கொண்டு வலையைப் பார்க்கவும் அடுப்பைப் பார்க்கவும் திரும்பிப் போனார்கள். போகிற ஒவ்வொருவரையும் வெள்ளைச் சட்டைக்காரர் தோப்பு வரைக்கும் கண்ணாலேயே கொண்டுபோய் விட்டார்.

பிறகு மரத்தை விட்டு வந்து ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"நீங்கதான ஏஜெண்டு? நான் சுரேந்தர். திருச்சி. கமர்ஷியல் இன்ஸ்பெக்டர்."

உள்ளே இருந்த உத்திராபதி எழுந்து நின்றார். அவர் ரயில்வே ஆள் இல்லை. அட்டை டிக்கெட்டுகளைக் கட்டாக வாங்கிவந்து விற்று, விற்றதற்குக் கமிஷன் எடுத்துக்கொள்கிறவர். ஆனாலும் ரயில்வே என்ற வார்த்தைக்கு எழுந்து நிற்பார்.

"தெனமும் இப்பிடித்தான் விக்குமா?"

"விக்கும் சார்."

"போன மாசம் வித்துச்சா?"

உத்திராபதி தேதி குத்தும் மெஷினைத் துடைத்தார்.

"நான் சொல்றேன். போன மாசம் ஒரு நாளைக்குப் பதினெட்டு, இருபது. அதுக்கு முன்னயும் அதேதான். இந்த வாரம் மட்டும் எண்பது, தொண்ணூறு. ஊருக்கே திடீர்னு சிதம்பரத்துல என்ன விசேஷம்? ரெண்டுல ஒண்ணுதான் இருக்க முடியும். இத்தன மாசமா இவுங்க குடுத்த காச நீங்க டிக்கெட் கிழிக்காம பையில போட்டிருக்கணும். இல்ல, ஸ்டாப்பிங் போயிடும்னு ஊரே சேர்ந்து இந்த வாரம் நடிக்கணும். எத எழுதட்டும்?"

"சார், எம் பொண்ணு மேல சத்தியமா ஒரு பைசா…"

"அப்ப நடிப்புதான்."

உத்திராபதியின் கண் ஜன்னல் வழியாக வெளியே வந்து அமராவதியின் மேல் நின்றது. அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். மூன்றாவதாக ஒன்று இருந்தது. அது அவளுக்குத் தெரியும். அங்கே நின்ற முப்பது பேருக்கும் தெரியும். இன்ஸ்பெக்டருக்கு மட்டும்தான் தெரியாது.

மீட்டர் கேஜ் பாதையைப் பெயர்த்து அகலப் பாதை போட்ட மூன்று வருஷத்துக்கும் மேலே இந்தப் பக்கம் ரயிலே கிடையாது. பஸ்ஸில் மீன் கூடை ஏற்ற மாட்டார்கள். தண்ணீர் சொட்டும், மற்ற ஜனங்கள் மூக்கைப் பிடிப்பார்கள். டெம்போக்காரன் வைத்ததுதான் வாடகை, வந்ததுதான் நேரம். அவன் வந்து சேர்வதற்குள் மீன் கண் வெளுத்துவிடும். அண்ணாமலை நகரில் அமராவதிக்கு இருந்த வாடிக்கை வீடுகள் ஒவ்வொன்றாக மார்க்கெட்டுப் பக்கம் போயின. கடைசியில் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் செம்மங்குப்பத்துக் கம்பெனி ஒன்றுக்குக் கூட்டிப் பெருக்கப் போனாள். பேசக் கூடாது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ஆனாலும் எட்டு மாசம் அவள் அங்கே வாயைத் திறக்கவில்லை. தெருவில் நின்று "மீனேய்" என்று கூவிப் பழகிய தொண்டை, கூவ ஒன்றும் இல்லாமல் அப்படியே அடைத்துப்போனது மாதிரி இருந்தது.

புதுப் பாதையில் ரயில் வந்தபோது புன்னைமேட்டில் நிற்கவில்லை. மனு மேல் மனு போட்ட பிறகு, இந்த வருஷம் சித்திரையில், சோதனையாக ஆறு மாசம் நிற்கும் என்றார்கள். டிக்கெட் விற்பதைப் பார்த்துத்தான் அப்புறம் முடிவு என்ற பேச்சு உத்திராபதிக்கே தெரியாது. போன வாரம்தான் பெரிய ஸ்டேஷனில் யாரோ சொல்லி ஓடிவந்தார். இந்த மாசக் கடைசியோடு கெடு முடிகிறது. இருபது டிக்கெட் விற்கிற இடத்தில் ரயிலை நிறுத்திக் கிளப்புவது வீண் செலவாம்.

நாற்பது பேர் போகிற இடத்தில் இருபது டிக்கெட் விற்றது, மங்கலம் கண்டுபிடித்த வழியால். அமராவதியின் புருஷனோடு பிறந்தவள் மங்கலம். சுனாமிக்குப் பிறகு ஊருக்குள் வந்தவர்கள் பெண்களைக் குழுவாக உட்கார வைத்து, வாராவாரம் சேமிக்கவும், ஒருத்திக்குக் கஷ்டம் வந்தால் எல்லோரும் சேர்ந்து தாங்கவும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மங்கலம் அதை அப்படியே ரயிலுக்குக் கொண்டுவந்தாள். ஐந்து பேரில் இரண்டு பேர் மட்டும் முறை வைத்து டிக்கெட் வாங்குவது. மற்ற மூன்று பேர் சும்மா ஏறுவது. வாரம் பத்து ரூபாய் எல்லோரும் சீட்டில் போடுவது. என்றைக்காவது செக்கிங் வந்து எவளாவது மாட்டினால் ஃபைன் அந்தச் சீட்டிலிருந்து. வந்தது மொத்தம் இரண்டே தடவை. டிக்கெட்டுக்குப் போவதைவிட இதில் செலவு பாதிதான். இதற்கு ஃபைன் சீட்டு என்று பேரும் வைத்துவிட்டார்கள்.

அதை யாரும் திருட்டு என்று நினைக்கவில்லை. அமராவதியும் நினைக்கவில்லை. குழுவில் கற்றதைச் சரியாகச் செய்கிறோம் என்றுதான் இருந்தது.

ரயில் வந்தது. இன்ஸ்பெக்டர் முன் பெட்டியில் ஏறிக்கொண்டார்.

பெண்கள் ஏறும் கடைசிப் பெட்டியில், கூடைகளை இரண்டு பக்க வாசலிலும் அடுக்கி முடிப்பதற்குள் சண்டை பிடித்துக்கொண்டது.

"நடிப்புன்னு எழுதிட்டான்னா போச்சி. வண்டி நிக்காது."

"அந்த ஆளுகிட்ட மெய்ய சொல்லிட்டா என்னா?"

"சொல்லு, சொல்லு," என்றாள் மங்கலம். "அஞ்சு மாசமா ஓசியில போனோம் சாமீன்னு கால்ல வுழு. அவன் உனக்கு மால போட்டு முதுநகர் போலீஸ் ஸ்டேஷன்ல எறக்கி வுடுவான். இட்லி வாங்கிக் குடுப்பான்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு நிலைக்கவில்லை.

ஆலப்பாக்கம் தாண்டிய சமயத்தில் பக்கத்துப் பெட்டியிலிருந்து ஜெயராணி வந்தாள். புன்னைமேட்டு மாதா கோயில் தெருக்காரி. சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்து ஆபீஸில் வேலை. டீச்சர் இல்லை என்று எத்தனை தடவை சொல்லியும் குப்பத்துப் பெண்களுக்கு அவள் டீச்சரம்மாதான். மீன் வாடைக்குப் பயந்து இந்தப் பெட்டி வாசலைக்கூட மிதிக்காதவள், இன்றைக்குப் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடைகளுக்கு நடுவே வந்து நின்றாள்.

"கேட்டேன். உத்திராபதி அண்ணன அவரு கேட்ட கேள்விய எல்லாத்தையும் கேட்டேன்," என்றாள். "நான் மொத நாளுலேந்து டிக்கெட் வாங்குறேன். என்ன மாதிரி எட்டுப் பேரு வாங்குறோம். நாங்க வாங்குன டிக்கெட்டுலதான் ஒங்களுக்கும் சேத்து வண்டி நின்னுச்சி. இப்ப ஒங்களால எங்களுக்கும் சேத்து நிக்காமப் போவப் போவுது."

"டீச்சரம்மாவுக்கு என்னா, கவருமெண்டு சம்பளம். பஸ்ல போயிக்கலாம்," என்றாள் மங்கலம்.

"போயிக்கலாம். ரெண்டு பஸ் மாறி, வூட்டுல சோறு ஆக்காம, இருட்டுல கெளம்பிப் போயிக்கலாம். அத வுடு. அந்த மனுஷன் மேல திருட்டுப் பட்டம் கட்டுனா நீ வந்து இல்லன்னு சொல்லுவியா?"

மங்கலம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே உப்பளமா சேறா என்று தெரியாத வெளி ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் அமராவதியைப் பார்த்தார்கள். அவள் வயதில் மூத்தவள் என்பதால் இல்லை. அவள் ஒன்றும் பேசாமல் இருந்தாள். அதனால் பார்த்தார்கள்.

வெள்ளாற்றுப் பாலத்தில் ரயில் ஏறியது. இரும்புச் சத்தத்தில் யாரும் எதுவும் பேச முடியாது. அந்தச் சத்தம் முடியவே கூடாது என்று அமராவதிக்குத் தோன்றியது. முடிந்தால் அவள் பேச வேண்டியிருக்கும். சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியாது. சொல்லாவிட்டால் நடக்கப் போவது தெரியும். செம்மங்குப்பத்துத் துடைப்பத்தின் கைப்பிடி அவள் உள்ளங்கைக்கு இன்னும் ஞாபகமாயிருந்தது.

சத்தம் முடிந்தது.

"நான் பேசுறேன்," என்றாள். "என் பேர்ல மட்டும் பேசுறேன்."

"அண்ணி, ஒம் பேர்ல பேசுனாலும் மாட்டுறது நாமதான்," என்றாள் மங்கலம். ஆனால் குரலில் முன்பிருந்த வேகம் இல்லை.

சிதம்பரத்தில் கூட்டம் இறங்கிக் கரையும் வரை அமராவதி கூடையோடு தூணருகில் நின்றாள். இன்ஸ்பெக்டர் தண்ணீர்க் குழாயில் முகம் கழுவிவிட்டுத் திரும்பியபோது எதிரில் போய் நின்றாள். சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"அவுரு திருடல சார். நாங்க முப்பது பேரும் நடிக்கல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். முறை வைத்து வாங்கியது, சீட்டு, பத்து ரூபாய், இந்த வாரம் வீட்டு ஆட்களையும் வாங்க வைத்தது, மங்கலத்தின் பெயரைத் தவிர எல்லாம். சுரேந்தர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடியே கேட்டார். துடைத்து முடிந்த பிறகும் கைக்குட்டையை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஃபைனுக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கீங்க," என்றார் கடைசியில்.

"தப்புதான் சார். நாளையிலேந்து எல்லாரும் வாங்குறோம். எப்பவும் வாங்குறோம். வண்டி நின்னா போதும்."

"ஏம்மா, ஒண்ணு கேட்டுக்கோங்க. நீங்க முப்பது பேரும் வாங்குனாலும், இந்த வண்டியில போற அத்தன பேரும் வாங்குனாலும், இது லாபத்துல ஓடாது. டீசல் காசுக்கே காணாது. நெய்வேலிப் பக்கம் நெலக்கரி ஏத்திக்கிட்டுப் போகுதே, அந்த மாதிரி சரக்கு வண்டி சம்பாதிச்சுக் குடுக்குது, அதுல இது ஓடுது."

அமராவதிக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் உடம்பு ஒரு மாதிரி லேசானது. ஐந்து பேரில் இரண்டு பேர் டிக்கெட்டில் மூன்று பேர். அப்படியானால் இந்த ரயிலே அப்படித்தான் போகிறது. வேறு யாரோ வாங்கின டிக்கெட்டில்.

"அப்ப எதுக்கு சார் எங்க டிக்கெட்ட எண்ணுறீங்க?"

அவர் எதிர்ப் பிளாட்பாரத்தில் ஒரு நாய் தண்டவாளத்தைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நஷ்டத்தக் கொறைக்கணும்னு மேல சொல்றாங்க. எல்லாத்தையும் நிறுத்த முடியாது. அதனால சின்னதுலேந்து ஆரம்பிக்கிறாங்க. புன்னைமேட்ட விட சின்னது இந்த லைன்ல கெடையாது." கைக்குட்டையைப் பையில் திணித்தார். "நீங்க சொன்னத நான் நம்புறேன். ஆனா நான் நம்புறத எழுத முடியாது. டிக்கெட் இல்லாம வந்து மாட்டி, ரசீது போட்டிருந்தா அது எழுத்துல இருக்கும். எங்க ஏறுனாங்கன்னு ரசீதுலயே வரும். அந்தக் காசும் அந்த எடத்துக் கணக்குலதான் சொல்லுவேன். இன்னிக்கி ஒங்க கையில டிக்கெட் இருக்கு. நான் என்ன பண்றது? வெள்ளிக்கிழம வரைக்கும் இங்க கணக்குப் பாக்குறேன். அதோட ரிப்போர்ட் போயிடும்."

அவர் நடந்தார். அமராவதி அதே இடத்தில் நின்றாள். இடுப்பிலிருந்த டிக்கெட்டை எடுத்துப் பார்த்தாள். அது இல்லாமல் இருந்திருந்தால் நல்லது என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ரயில் டிக்கெட்டைப் பற்றி நினைத்தாள்.

மத்தியானம் திரும்பும் வண்டியில் அவள் அதைச் சொன்னபோது முதலில் யாருக்கும் புரியவில்லை.

"ஒருத்தியும் டிக்கெட் வாங்க வாணாம்," என்றாள். "எல்லாரும் போயி மாட்டுவோம். சீட்டுல இருக்குறதக் கட்டுவோம். புன்னைமேட்டுலேந்து வந்தோம்னு அவுங்களே எழுதட்டும்."

"ஏன் அண்ணி, அஞ்சு ரூவா டிக்கெட்டு எடுக்காம இருக்க அஞ்சு மாசமா சேத்தத, எடுக்கலன்னு சொல்லிக் கட்டுறதா?" மங்கலம் மடியிலிருந்த தகர டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் மடியை விட்டு அந்த டப்பா இறங்கியதே கிடையாது. "இது வர்ற வைகாசியில வலை வாங்கக் கூட ஆவும்னு நெனச்சி வச்சிருக்கேன்."

"ஃபைனுக்குத்தான சேத்தோம்?"

"மாட்டுனா கட்டன்னு சேத்தோம். மாட்டிக்கக் கட்டன்னு சேக்கல."

"கட்டியும் வண்டி நிக்கலன்னா?" என்று மூலையிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"தெரியாது," என்றாள் அமராவதி. குழுவில் செய்வது போலக் கை தூக்கச் சொன்னாள். கைகள் மெதுவாக எழுந்தன. மங்கலத்தின் கை டப்பாவை விட்டு எழவில்லை. ஆனால் புன்னைமேட்டில் இறங்கும்போது, "நாளைக்கி மீன் ஜாஸ்தி ஏத்தாதீங்கடி, நேரமாவும்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை உத்திராபதியின் ஜன்னலில் ஜெயராணியும் அவளைப் போன்ற ஏழெட்டுப் பேரும் மட்டும்தான் நின்றார்கள். உத்திராபதி வெளியே ஓடிவந்தார்.

"என்னாங்கடி இது? இன்னிக்கிப் போயி ஓசியில ஏறுறீங்க? ஆளு சிதம்பரத்துல ஒக்காந்திருக்கான். எடுங்கடி தயவு செஞ்சி. நான் வேணா கமிஷன வுட்டுத் தர்றேன்."

"வுடுண்ணே," என்றாள் அமராவதி. "ஒங் கணக்கு சரியாவத்தான் போறோம்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு பலகைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டார்.

டிக்கெட் இல்லாமல் நூறு தடவை போன பாதை. அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டு போனார்கள். இன்றைக்குப் பிடிபடத்தான் போகிறார்கள் என்பதால், முதல் தடவையாகப் பயந்தார்கள். வெள்ளாறு வந்தது, போனது. கிள்ளையில் ஒரு செக்கர் ஏறுவது போலிருந்தது. ஏறியவர் யாரோ கல்யாணத்துக்குப் போகிறவர்.

சிதம்பரத்தில் வெளியே போகும் வழியில் டிக்கெட் கலெக்டர் ஒருவர் நின்றிருந்தார். முப்பது பெண்கள் கூடைகளோடு வரிசையாக வருவதைப் பார்த்ததும் மூக்கைச் சுளித்து ஒதுங்கி வழிவிட்டார்.

"போங்க, போங்க. சீக்கிரம். தண்ணி சொட்டுது."

அமராவதி போகவில்லை.

"டிக்கெட் இல்ல சார்."

"சரி, போம்மா."

"இல்லன்னு சொல்றேன். ஃபைன் போடுங்க."

கலெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "காலங்காத்தாலே விளையாட்டா? பின்னால ஜனம் நிக்குது, நகரு."

அமராவதி கூடையை இறக்கி வழியின் நடுவில் வைத்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக இறக்கினார்கள். வழி அடைபட்டது. பின்னால் வந்த பிரயாணிகள் கத்தினார்கள். ஒரு ஆள், "வுட்டாப் போவாம கட்டுறேன்னு நிக்குதுங்க பாரு, பைத்தியங்க," என்றான். அமராவதியின் காதில் எல்லாம் விழுந்தது. ஐந்து மாசத்தில் அந்த இரண்டு தடவை தவிர தங்களை ஏன் யாரும் பிடிக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கெட்டிக்காரத்தனம் இல்லை. அவர்கள் கிட்டே வர யாருக்கும் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். அந்த வாடையில்தான் ரயில்வேயின் காசும் போயிருக்கிறது, அவர்களுடைய கணக்கும் போயிருக்கிறது.

"இன்ஸ்பெக்டர் சாரக் கூப்புடுங்க," என்றாள். குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. தெருவில் கூவும் குரல் அது.

சுரேந்தர் உள்ளேயிருந்து வந்தார். கூடைகளைப் பார்த்தார். அமராவதியைப் பார்த்தார். ஒரு மேஜையைக் கொண்டுவந்து போடச் சொல்லி, ரசீதுப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி உட்கார்ந்தார். அமராவதி ஒதுங்கி மற்றவர்களை முன்னே விட்டாள்.

"எங்க ஏறுனீங்க?"

"புன்னைமேடு."

"எங்க போறீங்க?"

"சிதம்பரம்."

எழுதினார். கார்பன் தாளை மாற்றினார். மங்கலம் டப்பாவைத் திறந்து நோட்டுகளை எடுத்து வைத்தாள். வைக்கும்போது அவள் விரல் ஒவ்வொரு நோட்டின் மேலும் கொஞ்சம் தங்கியது. அடுத்தவள் வந்தாள். எங்கே ஏறினீர்கள்? புன்னைமேடு. அடுத்தவள். புன்னைமேடு. வெயில் கூரையைத் தாண்டி மேஜை வரைக்கும் வந்தது. ஐஸ் உருகித் தரையில் ஓடியது. கிழங்கான் மீன்கள் மேலே வெளுக்க ஆரம்பித்தன. இந்நேரம் அண்ணாமலை நகரில் அமராவதியின் வாடிக்கை வீடுகளில் இருப்பவர்கள் வாசலைப் பார்த்துவிட்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள்.

ஆபீஸில் கையெழுத்துப் போட நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போன ஜெயராணி ஆட்டோவில் திரும்பி வந்தாள். சாக்கில் சுற்றிய ஐஸ் பாளத்தை ஆட்டோக்காரரும் அவளுமாக இறக்கினார்கள்.

"ஒடச்சிப் போடுங்க. நாறிப் போனா அதுக்கும் ரயில்வேதான் காரணம்னு சொல்லுவீங்க," என்றாள். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது.

பத்தொன்பதாவது ரசீதில் டப்பா காலியானது. மங்கலம் அதைக் கவிழ்த்துக் காட்டினாள். இன்னும் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். கலெக்டர், கட்ட முடியாதவர்களைக் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று முணுமுணுத்தார். யாரும் ஓடவில்லை. அமராவதி முதலில் தனக்கு எழுதவிடாமல் பின்னுக்கு நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பதினோரு பேரில் அவளும் ஒருத்தி.

சுரேந்தர் பேனாவை மூடினார். நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"மீன வித்துட்டு வந்து கட்டுவாங்க," என்றார் கலெக்டரிடம். "அது வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

சாயங்காலத்துக்குள் பத்துப் பேர் கட்டினார்கள், பாதி விலைக்கு விற்ற மீனில். பதினோராவதாக அமராவதி வந்தபோது சுரேந்தர் கேட்காமலே எழுதினார். அவள் தானாகவே சொன்னாள்: "புன்னைமேடு." சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரசீதைக் கொடுத்தவர், "நிக்கும்னு நான் சொல்லல," என்றார். "தெரியும் சார்," என்றாள்.

மாசக் கடைசி வரை ஒரு தகவலும் வரவில்லை. முதல் தேதி காலை உத்திராபதி வழக்கம்போல ஜன்னலைத் திறந்தார். முப்பது பெண்களும் டிக்கெட் வாங்கினார்கள். புருஷன்மார் வரவில்லை, மாமியார்கள் வரவில்லை. போகிறவர்கள் மட்டும் வாங்கினார்கள். வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

தூரத்தில் ஹாரன் கேட்டது. எப்போதும் ஹாரன் கேட்டதும் கூடைகள் தலைக்கு ஏறிவிடும். இன்றைக்கு ஒருத்தியும் குனியவில்லை. வளைவில் எஞ்சின் தெரிந்தது. அதன் வேகத்தை அமராவதியால் கணிக்க முடியவில்லை. நிற்கும் வேகமா, போகும் வேகமா என்று வருஷக்கணக்காகப் பார்த்த கண்ணுக்கே பிடிபடவில்லை. எஞ்சின் அவர்களைத் தாண்டிப் போனது. முதல் பெட்டி தாண்டியது. இரண்டாவது பெட்டி. மங்கலம் அமராவதியின் முழங்கையைப் பிடித்தாள். பிறகு இரும்பு கிறீச்சிட்டது. கடைசிப் பெட்டி அவர்களுக்கு நேராக வந்து நின்றது.

அப்போதும் அமராவதி, சக்கரம் முழுசாக அடங்கும் வரை கூடையைத் தொடவில்லை.

கார்டு பின்னாலிருந்து தலையை நீட்டி உத்திராபதியிடம் சொன்னார். "மூணு மாசம் நீட்டிச்சிருக்காங்களாம். பேப்பர் பின்னால வரும்."

"மூணு மாசந்தானா?" என்றாள் மங்கலம் கூடையைத் தூக்கியபடி. "அப்பறம் மறுபடி வந்து எண்ணுவானுங்களா?"

"எண்ணுவாங்க," என்றாள் அமராவதி.

"நாம வாங்குனாலும் லாபம் வராதுன்னுதான அந்த ஆளு சொன்னான்?"

"ஆமா."

"பின்ன?"

அமராவதி ஏறி வாசலில் உட்கார்ந்துகொண்டாள். டிக்கெட்டை இடுப்பில் செருகாமல் கையிலேயே வைத்திருந்தாள். வெள்ளாறு தாண்டும்போது காற்று பறித்துவிடாதபடி விரல்களை மூடிக்கொண்டாள். சிதம்பரத்தில் அதே கலெக்டர் நின்றிருந்தார். அவர்களைப் பார்த்ததும் ஒதுங்கிக் கையை வீசினார்.

"போங்க, போங்க."

அமராவதி நின்றாள். வியர்வையில் நனைந்து மீன் செதில் ஒட்டிய அட்டையை அவர் முன் நீட்டினாள். அவர் முகத்தைத் திருப்பினார். பின்னால் ஜனம் முட்டியது. அவர் வாங்கிக்கொள்ளும் வரை அவள் நகரவில்லை.